சாலை விதிக்கு உங்கள் குரல்

மோட்டார் வாகன விதிகளைத் திருத்துமுன் மத்திய அரசு வரைவை அரசிதழில் வெளியிட்டுக் கருத்து கேட்கும். பெரும்பாலும் 30 நாள்தான் அவகாசம். வந்த கருத்துகளைப் பரிசீலித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். பைக்கில் செல்லும் சிறு குழந்தைகளுக்கு ஹெல்மெட், பாதுகாப்புப் பட்டை, மணிக்கு 40 கி.மீ. வேக வரம்பு என்ற விதி 2021 அக்டோபரில் வரைவாக வந்து, 2022 பிப்ரவரியில் இறுதி விதியாக அறிவிக்கப்பட்டது இப்படித்தான்.

செகந்திராபாத்தின் லாலாகுடா ரயில்வே பணிமனை விடும் நேரத்தில் பிள்ளையோடு சாலையைக் கடப்பவர் படும் பாடு தில்லிக்கு எப்படித் தெரியும்? எழுதுங்கள். “ரோடு மோசம்” என்று மட்டும் எழுதினால் எடுபடாது. வரைவு எண், விதி எண், எந்த வரியை எப்படி மாற்றலாம் என்பது, கூடவே இடம், நேரம், ஒரு புகைப்படம் எல்லாம் இருக்கட்டும். குடையூன்றி நடக்கும் பாட்டியிடமும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடப்பவர் பக்கம்தான் அதிகம் விடுபடுகிறது. கெடு முடியுமுன் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கிடைக்கும்படி அனுப்பிவிடுங்கள்.