பொய்க் கையொப்பம் தந்த பாடம்

சிறு பிழையென்று நாம் ஒதுக்கிவிடுவது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய, அமெரிக்கத் திரையுலகில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் காண்போம்.

திரைக் கலைஞர்களின் முகவராக விளங்கிய டேவிட் பெகல்மன், 1973ஆம் ஆண்டு கொலம்பியா படநிறுவனத்தின் தலைவரானார். கடனால் தள்ளாடிய அந்நிறுவனம் அவர் காலத்தில் தலைநிமிர்ந்தது. பதவி, புகழ், செல்வம் எதிலும் அவருக்குக் குறைவில்லை.

1977ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடிகர் கிளிஃப் ராபர்ட்ஸனுக்கு வருமான வரிப் படிவம் ஒன்று வந்தது. முந்தைய ஆண்டில் அவர் கொலம்பியாவிடம் 10,000 டாலர் பெற்றதாக அதில் கண்டிருந்தது. அவரோ ஒரு காசும் பெற்றிலர். விசாரித்தபோது, அவர் பெயரில் காசோலை எழுதச்செய்து, அவர் கையொப்பத்தைப் பொய்யாக இட்டுப் பணம் பெற்றவர் பெகல்மனே என்பது வெளிப்பட்டது. வேறு சில மோசடிகளும் தொடர்ந்து வெளிவந்தன.

இதன் பின் நிகழ்ந்தவற்றையே நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இடைநீக்கம் செய்யப்பட்ட பெகல்மனை, அதே ஆண்டு டிசம்பரில் இயக்குநர் குழு மீண்டும் பதவியில் அமர்த்தியது. பொருள் ஈட்டித் தருபவரை இழக்க மனம் வரவில்லை போலும்! எதிர்ப்பு வலுக்கவே, 1978 பிப்ரவரியில் அவர் விலகினார். நீதிமன்றம் 5,000 டாலர் அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது. அவரை மீண்டும் அமர்த்துவதை எதிர்த்த மேலதிகாரி ஆலன் ஹிர்ஷ்ஃபீல்டு அதே ஆண்டு பதவி இழந்தார். உண்மை கூறிய ராபர்ட்ஸனோ சில ஆண்டுகள் பட வாய்ப்பின்றி இருந்தார். குற்றம் புரிந்தவருக்கு 1980இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் தலைமை கிட்டியது!

எனினும் அவ்வுயர்வு நிலைக்கவில்லை. 1982இல் அப்பதவியும் போயிற்று. பின்னர் அவர் பங்கேற்று நடத்திய படநிறுவனம் 1994இல் திவாலாயிற்று. மறு ஆண்டு, தம் 73ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இரங்கத்தக்க முடிவு இது.

பிழை செய்தவரை மன்னித்தல் வேறு. ஆதாயம் கருதிப் பிழையை மூடி மறைத்தல் வேறு. முன்னது அவரைத் திருத்தக்கூடும். பின்னது அவருக்கும் நன்மை செய்வதில்லை. நம் கடைகளிலும் சங்கங்களிலும் திறமையாளர் என்பதற்காகக் கணக்குக் கேளாமல் விடுகின்றோம்; கேட்பவரையோ கலகக்காரர் என்கின்றோம். இது முறையா என நாம் ஒவ்வொருவரும் நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக.