முதலில் வால்டியூப்பைப் பாருங்கள்

பிளஸ் ஒன் படிக்கும் என் மகளின் சைக்கிளில் இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகாமல், வீட்டிலேயே சரிசெய்யப் பழக முடியுமா?
- வாசகி, மன்னார்குடி

தாராளமாக முடியும். காற்று இரண்டு நாள் தாங்குகிறது என்றால் அது பஞ்சராக இல்லாமலும் இருக்கலாம். காற்றடிக்கும் மவுத்தின் மேல் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய்தான் நைந்திருக்கிறது. நட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் துண்டை உருவி, அதன் மேல் புது ரப்பரை ஈரப்படுத்தி ஏற்றுங்கள். சில ரூபாயில் வேலை முடிந்தது.

குமிழி வராவிட்டால் பஞ்சர். பயப்படாதீர்கள், சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லிவரால் நெம்பி, டியூப்பை வெளியே இழுத்து, காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை தெரியும். (ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் இன்னொரு ஓட்டை விழும்.) ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். அவசரப்பட்டு உடனே ஒட்டுவதால்தான் பலருக்கு ஒட்டு பெயர்ந்துவிடுகிறது. விரலில் ஒட்டாத அளவுக்கு, சுமார் 5 நிமிடம் காயட்டும். பிறகு பேட்சை வைத்து அழுத்துங்கள். டியூப்பைத் திரும்ப நுழைக்கும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவ மறக்காதீர்கள். குத்திய கருவேல முள் அங்கேயே இருந்தால் மறுநாளும் இதே கதைதான்.

கையோடு செயினையும் கவனித்துவிடுங்கள். அதற்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறும். தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதை மட்டும் கடைக்காரரிடமே விடுங்கள். மற்றவற்றை மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். பள்ளிக்குப் போகும் வழியில் நின்றுபோனால் அவளே பார்த்துக்கொள்வாள்.