மாத்திரை மாறிய பின் மகப்பேறு

தென்காசியில் இல்லறம் நடத்தும் அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதும் கடிதம்.

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் பெண் தாயாகலாம் என்பதில் இன்று மருத்துவ உலகிற்கு ஐயமில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1956இல் இரட்டைச் சகோதரியின் சிறுநீரகத்தைப் பெற்ற எடித் ஹெல்ம், 1958 மார்ச்சில் ஆண்மகவை ஈன்றார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால், அயல் உறுப்பை உடல் தள்ளிவிடாதபடி நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகள் அவருக்குத் தேவைப்படவில்லை. தாய் அளித்த சிறுநீரகமே ஆயினும், அதைப் பெற்ற மகளுக்கோ அம்மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் வேண்டும். ஆகவே கருவுறுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய முதற்கணக்கு மாத்திரைக் கணக்கே ஆகும்.

அவற்றுள் மைகோபினோலேட் என்பது கருவின் காது, உதடு, இதயம் ஆகியவற்றின் உருவாக்கத்தைக் குலைக்கக்கூடியது. அதனைக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, அசதையோபிரினுக்கு மாறி, சிறுநீரகம் அம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டதா என்று பார்த்த பின்னரே கருத்தடையைக் கைவிட வேண்டும். டாக்ரோலிமஸ், பிரட்னிசோலோன் இரண்டும் பேறுகாலம் முழுதும் தொடரும். குழந்தைக்கு ஆகாது என்று அஞ்சி எல்லா மாத்திரைகளையும் தாமாகவே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அதனால் சிறுநீரகமும் கருவும் ஒருங்கே இழப்புக்குள்ளாக நேரும் என்பதால், இதைவிடக் கொடிய பிழை வேறில்லை.

அறுவைக்குப் பின் ஓராண்டேனும், கூடுமானால் ஈராண்டு, கழிந்திருப்பதும், இரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவுகோலான கிரியேட்டினின் 1.5 மில்லிகிராமுக்குள் நிலைத்திருப்பதும், சிறுநீரில் புரதம் ஒழுகாதிருப்பதும் நல்ல அறிகுறிகள். "விசேஷம் உண்டா?" என்று மாமியார் வீட்டார் கேட்கும் அவசரத்துக்கு இக்கணக்கில் இடமில்லை.

குற்றாலத்துச் சாரல் காலத்தில் பிள்ளைவரம் தரும் என்று நம்பிப் பெருவிலை கொடுத்துத் துரியன் பழம் வாங்குவோர் பலர். பொட்டாசியம் மிகுந்த அப்பழம் சிறுநீரக நோயர்க்கு உகந்ததன்று என்பதை விற்பவர் சொல்லமாட்டார். பம்பளிமாசு டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியது. அருவிக்கரைக் கடைகளில் விற்கும் பெயர் தெரியாத லேகியங்களும் வேண்டாம்.

கருவுற்ற பின் இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் தோன்றும் முன்சூல்வலிப்பு, ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கேனும் வருகிறது; குழந்தைகளுள் பாதியளவினர் குறைமாதத்தில் பிறக்கின்றனர். ஆதலால் சிறுநீரக மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் அமைந்த மருத்துவமனையைத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ முன்னதாகவே தேர்ந்துவிடுவது நலம். டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில், முந்தைய இரவு மாத்திரை உண்டு பன்னிரண்டு மணி நேரம் கழிந்த பின் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால், காலை மாத்திரையை விழுங்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டே பேருந்து ஏற வேண்டும். புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஓரத்தில் இருப்பினும் பிறப்புவழியை அது பொதுவாக மறிப்பதில்லை. அதை மட்டுமே காரணமாக்கிச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. அசதையோபிரினும் டாக்ரோலிமஸும் உண்ணும் தாய், மருத்துவரின் கண்காணிப்பில் தாய்ப்பாலும் ஊட்டலாம்.

அடுத்த பரிசோதனைக்குச் செல்கையில் கணவரையும் உடனழைத்துச் சென்று, மைகோபினோலேட்டை மாற்றும் தேதியை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது இப்போதைய முதற்பணி.

அன்புடன்,
பெரியம்மா