கோட்டில் குத்தும் சிவப்புப் பூ

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகன் நவம்பரில் அனுப்பிய படங்களில், அவனும் அவன் நண்பர்களும் கோட்டில் சிவப்புக் காகிதப் பூ குத்தியிருக்கிறார்கள். போரில் இறந்தவர்களுக்காகவாம். பாப்பி, அதாவது நம் கசகசாச் செடியின் பூ என்கிறான். ரத்தத்தின் நிறம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்களா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: மகனின் முகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் சட்டைப் பூவையும் கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா, மிக்க மகிழ்ச்சி.

முதலில் கசகசா. மகன் சொன்னது பாதி சரி. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபின் செடியின் விதை. கோட்டில் இருப்பது அதன் பங்காளியான வயல் பாப்பி. தாவரவியலில் பப்பாவர் ரியாஸ். ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் தானாக முளைக்கிற களை அது. வலியை மறக்கடிக்கும் பூ என்பதால் அணிகிறார்கள் என்று சிலர் சொல்வது இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

அடுத்து ரத்தம். இந்த எண்ணம் மிகப் பழையது. 1693-இல் இன்றைய பெல்ஜியத்தில் லாண்டன் என்ற ஊரருகே (லண்டன் அல்ல) ஒரு பெரும் போர் நடந்தது. அடுத்த கோடையில் அந்தக் களம் முழுக்கப் பாப்பி பூத்ததை வரலாற்றாசிரியர் மெக்காலே விவரிக்கிறார். மண் தான் குடித்த ரத்தத்தைத் திருப்பிக் காட்டுவதாகவே பார்ப்பவருக்குத் தோன்றுமாம். தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்தச் செடிக்கு ரத்தம் தேவையில்லை. கிளறிய மண்தான் தேவை.

பாப்பி விதை கடுகைவிடச் சிறியது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிடும். மண்ணுக்குள் புதைந்த விதைகள் அழுகிவிடுவதில்லை, முளைப்பதும் இல்லை. பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். இதை விதையுறக்கம் என்பார்கள்: உயிர் இருந்தும் முளைக்காமல் காத்திருக்கும் நிலை. அந்த உறக்கத்தைக் கலைப்பது வெளிச்சம். மண் புரண்டு விதை மேலே வந்து வெயில் பட்டால் போதும், முளைத்துவிடும். உழவு ஓட்டிய சில நாளில் களை கிளம்புவதை நம் ஊர் விவசாயி பார்ப்பதில்லையா, அதே கதைதான்.

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியை உழுதவை பீரங்கிக் குண்டுகள். பதுங்குகுழிகளும் புதைகுழிகளும் மிச்ச மண்ணைப் புரட்டின. மரம் மட்டை எல்லாம் அழிந்த நிலத்தில், புதிதாக வெட்டி மூடிய கல்லறைகளுக்கு நடுவே, இந்தக் களை பூத்தது. 1915 மே மாதம் ஈப்ர நகரருகே நண்பரைப் பறிகொடுத்த கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே, இந்தப் பூக்களையும் சிலுவைகளையும் வைத்து ஒரு கவிதை எழுதினார். அது உலகெங்கும் பரவியது. போர் முடிவதைப் பார்க்க அவர் இல்லை. 1918 ஜனவரியில் நிமோனியாவில் இறந்தார்.

அந்த ஆண்டு நவம்பரில், போர் ஓய்வதற்கு இரண்டு நாள் முன்பு, மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை அக்கவிதையைப் படித்துவிட்டுப் பட்டுத்துணிப் பாப்பி ஒன்றை அணிந்துகொண்டார். பிரான்சின் அன்னா கெரான் துணிப்பூ செய்து விற்று, போரில் சிதைந்த தன் நாட்டுக்கு நிதி திரட்டினார்; பிரிட்டனின் முன்னாள் படைவீரர் சங்கத்தையும் இணங்கவைத்தார். 1921 நவம்பர் 11 அன்று அங்கே முதல் பாப்பி நாள். தேதியின் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: 1918-இல் அன்று காலை 11 மணிக்குத்தான் மேற்குப் போர்முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இரண்டு நிமிட மௌனம் 1919-லேயே தொடங்கிவிட்டது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது முதல் பாப்பி நாளுக்கு அடுத்த ஆண்டு நடந்தது. 1922-இல் ஜார்ஜ் ஹௌசன் என்ற ராணுவ அதிகாரி, போரில் ஊனமுற்றவர்களே பூ செய்யும் பட்டறை ஒன்றை லண்டனில் தொடங்கினார். கையை இழந்தவரும் எளிதாகச் சேர்த்துவிடும்படி பூவின் பாகங்களை அமைத்தார்கள். இறந்தவருக்கான பூ, பிழைத்து வந்தவருக்குச் சோறு போட்டது.

இந்தக் கதையில் நமக்குத் தெரிந்த ஒரு பூவும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் கொழும்பிலும் பாப்பி விற்றார்கள். பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்கே போனது. உள்ளூர்ப் படைவீரருக்கு என்ன கிடைத்தது என்று கேட்ட ஏலியன் பெரேரா என்பவர், 1931-இல் அதே நவம்பர் 11 அன்று போட்டியாகச் சூரிய மலரை விற்க வைத்தார். சிங்களத்தில் 'சூரிய' என்பது நம் பூவரசு. சிறுவர்கள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும் அதே மரம்தான். 1933-இல் இடதுசாரி இளைஞர்கள் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே மாற்றினார்கள். தலைமை ஏற்றவர் டொரீன் யங், இங்கிலாந்தில் பிறந்த ஓர் ஆசிரியை. 1934-35-இல் மலேரியா இலங்கையைச் சூறையாடியபோது, பூ விற்ற இதே இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள்.