முத்துக்குளியும் விளையாட்டு அறிவியலும்

விளையாட்டு அறிவியலில் முதுகலை பயில விரும்பும் மாணவனை நோக்கி, "ஓடுவதற்கும் தாவுவதற்கும் ஒரு மேற்படிப்பா?" என வினவும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்களுக்கான விடை நாசரேத்துக்குக் கிழக்கே விரியும் கடலிலேயே உள்ளது.

கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் போற்றினர். பரதவரும், காயல்பட்டினம், கீழக்கரைப் பகுதி முஸ்லிம்களும் இத்தொழிலில் ஈடுபட்டனர். முத்துப்பார்கள் கரையிலிருந்து சில கல் தொலைவில், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் அமைந்தவை. குளிப்பவர் கல்லைத் துணையாகக் கொண்டு இறங்குவார். ஒரு நிமிடம் அளவில் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். அக்கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராகவே இருப்பார் என்பர். உடன்பிறந்தாளின் வாழ்வு கயிற்றில் இருக்கையில் கை தளருமா?

இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நிலத்தில் உள்ளதைப் போல் மும்மடங்காகும். நுரையீரலிலுள்ள காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்போது இதயத் துடிப்பு தணிகிறது. கைகால்களுக்குச் செல்லும் குருதி குறைந்து மூளைக்கும் இதயத்துக்கும் காக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள செவ்வணுக்களைக் குருதியில் கலக்கிறது. இவற்றை அளந்தறிவதே விளையாட்டு உடலியங்கியல். ஓட்டக்காரரின் உயிர்வளி நுகர்வை ஆராயும் அதே கல்விதான் இது.

இந்தோனேசியாவின் பஜாவ் மக்களைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஆய்வு, அவர்களின் மண்ணீரல் அண்டையில் வாழும் நிலத்து மக்களுடையதைவிட ஏறத்தாழ பாதியளவு பெரிது எனக் கண்டது. கடலில் குளிக்காத பஜாவரிடமும் அவ்வாறே இருந்தமையால், பயிற்சியோடு மரபுக்கும் இதில் பங்குண்டு என்பது புலனாகிறது. நம் கடற்கரையில் நிகழ்ந்தது எது? அரசின் குளிப்புக் கணக்குகள் சிப்பிகளை எண்ணின. குளித்தவரின் நாடியை எண்ணவில்லை.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் உயிர்வளிக் குறைவன்று, கரியமில வாயுவின் மிகுதியே. ஆற்றிலும் கிணற்றிலும் மூச்சடக்கிப் பந்தயம் வைக்கும் இளைஞர் முன்னதாகப் பலமுறை வேகமாக மூச்சிழுத்தால் அவ்வாயு குறைகிறது, உடல் எச்சரிக்காது, நீருக்குள்ளேயே நினைவிழந்து மாண்டுபோக நேரிடும். நன்கு நீந்தத் தெரிந்தவர்க்கும் இவ்வாபத்து உண்டு. இதனை ஒவ்வொரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் கற்பித்தல் வேண்டும்.

தூத்துக்குடியின் இறுதி முத்துக்குளிப்பு 1961-இல் நடைபெற்றது. பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தோன்றியதும் அவ்வாண்டே! தமிழகத்தில் 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி முன்னோடி. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. நமக்கு அண்மையில் திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி உள்ளது. ஆய்வுக்குப் பொருள் தேடி மாணவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சங்கு குளிப்போர் இயந்திரக் காற்றுக்குழாயுடன் கடலுள் இறங்குகின்றனர். விரைந்து மேலேறினால் அவர்தம் மூட்டுகளும் நரம்புகளும் படும் துன்பம் ஆய்வுக்குரியது.

முத்துக்குளித்தோரையும் தேடிச் செல்லலாம். இறங்குமுன் எத்தனை மூச்சு இழுத்தீர்கள், ஒரு நாளில் எத்தனை முறை மூழ்கினீர்கள், காது வலியை எவ்வாறு தணித்தீர்கள் எனக் கேட்டெழுத ஒரு குறிப்பேடு போதும். 1961-இல் இருபது வயதில் பாரில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர்.