கொட்டாஞ்சேனை: நடக்க ஒரு பாதை, கேட்கச் சில இசைத்தட்டுகள்

புதிதாக என்ன பாட்டுக் கேட்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் ஓர் ஊரின் பெயரைத்தான் சொல்வேன். கொழும்பு 13, கொட்டாஞ்சேனை. கோயில் மேளம், தேவாலயப் பாட்டு, விகாரையின் பக்திப் பாடல், பைலா, தமிழ் பொப் எல்லாம் நடந்து கடக்கிற தூரத்துக்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கின்றன. கீழே சொல்பவற்றை வருவதற்கு முன்பே கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். வீதியில் லொறியும் த்ரீவீலும் அதிகம் என்பதால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு நடங்கள்.

வெயில் ஏறுமுன் புறக்கோட்டையிலிருந்து செட்டியார் தெரு வழியாக நடந்து வருவது நல்லது. நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் தாண்டினால் கொச்சிக்கடை வந்துவிடும். நடக்க முடியாதவர்கள் மட்டக்குளி பஸ்ஸில் ஏறலாம்.

முதலில் பொன்னம்பலவாணேசர் கோயில். 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டியது. பின்னர் அவருடைய மகன் சேர் பொன். இராமநாதன் முழுவதையும் கருங்கல்லில் எழுப்பினார். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது வழக்கம். காலைப் பூசைக்குப் போய், மேளம் வாசித்தால் முடியும்வரை ஒரு தூணருகே நில்லுங்கள். கல் மண்டபத்தில் தவில் அடி நெஞ்சில் வந்து விழும். வெளியே வந்ததும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு எது கிடைத்தாலும் போட்டுக் கேளுங்கள். 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் தேடி அழைத்த கை. பதிவுகள் பழையவை, பின்னால் இரைச்சல் கேட்கும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்.

அருகிலேயே கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் நிரம்பும். சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று இங்கே குண்டு வெடித்தது. வாசலில் பையைச் சோதித்தால் ஒத்துழையுங்கள். உள்ளே தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மாறி மாறிப் பாடுவதை அமர்ந்து கேட்டுவிட்டு ஜம்பட்டா வீதிக்குத் திரும்புங்கள்.

தமிழ் பொப்பை இந்த வீதியில் நடந்தபடியேதான் கேட்க வேண்டும். 1960களின் கடைசியில், சினிமாவின் தயவில்லாமல், கிற்றார், பொங்கோ, கைதட்டல் என்ற அளவிலேயே நம்மவர்கள் தங்களுக்கென்று ஒரு பாட்டை உண்டாக்கினார்கள். திருகோணமலையின் எம்.பி. பரமேஷ் 1968இல் இசைத்தட்டு வெளியிட்டார். நித்தி கனகரத்தினம் பேச்சுத் தமிழை அப்படியே பாட்டாக்கினார். மாமி, கள்ளுக்கடை என்று நம் ஊர் ஆட்களும் இடங்களும் அதில் வந்து நின்றார்கள். அவருடைய ‘சின்ன மாமியே’ இன்றும் கலியாண வீடுகளில் ஆட வைக்கிறது. தாளத்தைக் கவனியுங்கள். ஆறெட்டில் துள்ளும் அந்த நடை பைலாவினுடையது. போர்த்துக்கீசர் காலத்து வேரிலிருந்து முளைத்த பைலாவுக்கு சிங்களத்தில் புது உரு கொடுத்தவர் வொலி பஸ்தியன், போலீஸ் வேலை பார்த்தவர். அவரையும், பின்னாளில் வந்த ஜிப்சீஸ் குழுவையும் நித்தியின் பாட்டுகளோடு அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு மொழியும் ஒரே முற்றத்தில் ஆடியது விளங்கும்.

இந்த இரண்டு மொழியையும் ஒரே பாட்டில் சேர்த்தவர் ஏ.ஈ. மனோகரன். சிங்கள பைலாவான ‘சுராங்கனி’யை அவர் தமிழும் சிங்களமும் கலந்து பாடினார், அது கடல் கடந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு இளையராஜா அதை எடுத்தாண்டார். தமிழ்நாடு மனோகரனை சிலோன் மனோகர் என்றே கடைசிவரை அழைத்தது. 2018இல் சென்னையில் காலமானார். படத்தில் வரும் பாட்டை மட்டும் கேட்டவர்கள் மனோகரன் பாடியதைத் தேடிக் கேட்பது அவசியம். வாத்தியங்கள் குறைவாக இருப்பதால் குரலின் குறும்பு முழுதாகத் தெரியும். இந்தப் பாட்டுகள் இப்போது பெரும்பாலும் தொகுப்புகளாகவே கிடைக்கின்றன. பின்னாளில் கீபோட்டில் திரும்பப் பாடிய பதிவுகளும் அவற்றில் கலந்திருக்கும், பழையதைத் தேர்ந்தெடுங்கள்.

மதியத்துக்குள் புனித லூசியாள் பேராலயம். தூரத்திலிருந்தே குவிமாடம் தெரியும். வெயிலுக்கு உள்ளே குளிர்ச்சி, நல்ல ஓய்வு. டிசம்பர் 13 திருநாள்.

ஊரின் இன்னொரு முகம் தீபதுத்தாராம விகாரை. 1873இல் பாணந்துறையில் நடந்த பௌத்த-கிறிஸ்தவ வாதத்தில் பேசிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த இடம். 1883இல் இதே கொட்டாஞ்சேனையில் பௌத்தர்களும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டார்கள். இங்கே கேட்பதற்கு மொஹிதீன் பெக். சேலத்தில் 1919இல் பிறந்து கொழும்புக்கு வந்த முஸ்லிம். சிங்கள பௌத்த பக்திப் பாடல்களில் அவர் குரலுக்கு மிஞ்சிய குரல் அரிது. வெசாக் நாட்களில் வந்தால் ஒலிபெருக்கியிலேயே கேட்கலாம்.

இருட்டிய பிறகு கொத்துரொட்டி போடும் கடை ஒன்றின் வாசலில் நில்லுங்கள். கல் சூடேறியதும் எண்ணெய், வெங்காயம், லீக்ஸ், முட்டை. பிறகு கொத்துப் போடுபவர் ரொட்டியைக் குவித்து இரண்டு தகட்டாலும் அடிக்கத் தொடங்குவார். முதலில் நிதானம், ரொட்டி பொடிபடப் பொடிபட வேகம் ஏறும், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கல்லின் விளிம்பில் இரண்டு வெற்றடி கூடுதலாக விழும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு புலம்பெயர்ந்த பிள்ளைகளின் இசைக்குப் போங்கள்.

ரொறன்ரோவின் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் 2021இல் வெளியிட்ட ‘மேட் இன் ஜாஃப்னா’விலிருந்து தொடங்கலாம். மிருதங்கக்காரர் யாஞ்சனோடு சேர்ந்து அவர் செய்த தொகுப்பின் பெயரே ‘கொத்து பாய்ஸ்’. சொற்கட்டுக்கு ராப் பாடுவது எப்படி என்று அதில் தெரியும். அடுத்தது எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘கலா’, 2007. 2005இல் வந்த முதல் தொகுப்புக்கு அப்பாவின் பெயர், இதற்கு அம்மாவின் பெயர். ஒரு பகுதியை சென்னையில் பதிவு செய்தார். உறுமி அதிர்வதைக் கேட்கலாம். எல்லோரும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், இடையில் தாண்ட வேண்டாம்.

சுவிஸில் வளர்ந்த பிரியா ராகுவின் ‘சந்தோஷம்’ (2023) திரும்பும் பயணத்துக்கு. அண்ணன் ஜப்னா கோல்டுடன் சேர்ந்து செய்தது. சோல் இசையும் தமிழும் வலிந்து ஒட்டாமல் சேர்ந்திருக்கின்றன. இரவில் பஸ்ஸுக்குக் காத்திராமல் பிக்மீ செயலியில் வண்டி கூப்பிடுங்கள். மீட்டர் இல்லாத த்ரீவீலில் ஏறினால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் வானொலியில் நல்ல பாட்டு ஏதும் போனால் உங்கள் காதிலிருப்பதைக் கழற்றிவிட்டு, “அண்ணை, கொஞ்சம் கூட்டி வையுங்கோ” என்று சொல்லுங்கள்; பாடியவர் யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.