டொராண்டோவில் ஒரு தமிழ் இல்லம்

நுழையும்முன்

பிறந்த ஊரில் மொழியும் உணவும் உறவும் கேளாமலே கிடைக்கின்றன. அயல்நகரில் அவை ஒவ்வொன்றையும் குடும்பம் நாள்தோறும் முயன்று காக்க வேண்டியிருக்கிறது. கனடாவில் குடியேறிய ஈழத்தமிழர் இல்லங்களின் அன்றாட வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குடியேற்றம்

1983ஆம் ஆண்டு இலங்கையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறையும் அதனைத் தொடர்ந்த போரும் பல்லாயிரக்கணக்கான தமிழரைத் தாயகத்தை விட்டு வெளியேறச் செய்தன. அவர்களுள் பலர் கனடாவின் டொராண்டோ நகரை அடைந்தனர். அந்நகரின் கிழக்கே அமைந்த ஸ்கார்பரோ பகுதியில் இன்று தமிழ்ப் பெயர்ப்பலகை தாங்கிய கடைகளைக் காணலாம்.

பனிக்காலப் பொழுது

டிசம்பர்த் திங்களில் அங்குப் பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரமே. கதிரவன் தோன்றுமுன் பெற்றோர் பணிக்குப் புறப்படுகின்றனர். மாலை 5 மணிக்கு முன்பே இருள் சூழ்ந்துவிடுகிறது. குளிர் மிகுந்த நாள்களில் இட்லி மாவு எளிதில் புளிப்பதில்லை. ஆதலால் ரொட்டி சுடும் மின்னடுப்பினுள் அதனை வைத்து, அடுப்பைச் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் எரியவிடுகின்றனர். அவ்விளக்கின் இளஞ்சூட்டில் மாவு பொங்குகிறது.

உறவினரோடு பேசவும் கணக்குப் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் டொராண்டோவில் இரவு 8 மணியாகும்போது யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30 மணி. இங்கே பிள்ளைகள் உறங்கச் செல்லும் வேளையில் அங்கே முற்றம் பெருக்கும் ஓசை தொலைபேசியில் கேட்கிறது.

மொழியின் நிலை

அம்மம்மா தமிழில் வினவ, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் விடையிறுப்பது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. கேட்டால் புரியும்; பேச நா எழாது. இந்நிலை நீடித்தால் அடுத்த தலைமுறைக்குக் கேட்டாலும் புரியாது. இதனை உணர்ந்த பெற்றோர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துச் செல்கின்றனர். ஒன்ராறியோ மாகாண அரசு 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டம் இத்தகைய வகுப்புகளுக்கு வழிவகுத்தது. தோழர்கள் விளையாடும் நேரத்தில் எழுத்துப் பயில்வது பிள்ளைகளுக்கு எளிதன்று.

ஆயினும் வகுப்பறை கற்பிக்காத ஒன்றை வாழ்க்கை கற்பிக்கிறது. மருத்துவரிடம் செல்லும் ஆங்கிலம் அறியாத முதியவர்க்குப் பேரப்பிள்ளையே சில வேளைகளில் மொழிபெயர்ப்பாளராக அமைகிறது. 'குத்துகிறது', 'உளைகிறது', 'எரிகிறது' என்னும் சொற்களின் வேறுபாட்டை அறியாவிடில் நோயைச் சரியாக உரைக்க இயலாது. தமிழ் அங்கே பாடமாக இல்லை. பாட்டியின் உடல்நலமாக இருக்கிறது.

பொங்கலும் அதன் பின்னரும்

கனடா நாடாளுமன்றம் 2016இல் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. எனினும் பொங்கல் அங்குப் பொது விடுமுறை நாளன்று. பணிக்குச் செல்லுமுன் அடுக்களையில் பொங்கலிட்டு, பனி படர்ந்த சாளரத்தின் வழியே கதிரவனை வணங்குகின்றனர். அரசின் ஏற்பு ஒரு மொழிக்குப் பெருமை சேர்க்கும். அம்மொழியைப் பேசும் தேவையை இல்லமே உண்டாக்க வேண்டும். இன்று அத்தேவை பெரும்பாலும் முதியவரால் நிலைபெறுகிறது. அவர்களுக்குப் பின் பெற்றோரும் பிள்ளைகளும் தமக்குள் எம்மொழியில் உரையாடுவர் என்பதே அவ்வில்லங்களின் முன் நிற்கும் வினா. அதற்கான விடை ஒவ்வோர் இரவும் உணவு வேளையில் முடிவாகிறது.